கேமுக்குள் காதல்: "இது நீ தேர்ந்தெடுத்ததா, கேமே அப்படியா?"

தீபாவளி லீவுக்கு வந்திருந்த சித்தி பையன் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து வந்து, நான் பால்டர்ஸ் கேட் 3 ஆடிக்கொண்டிருப்பதை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த கேம் என்றால் கிரிக்கெட், அப்புறம் போனில் சுட்டுத் தள்ளுவது. திரையில் ஒரு முகாம், கூடாரங்கள், நடுவில் நெருப்பு. என் கேரக்டர் ஒரு பெண். எதிரே நிற்கும் கார்லாக்கும் பெண்தான், நல்ல உயரம், தலையில் இரண்டு கொம்பு, அதில் ஒன்று உடைந்தது. நரகத்தில் அவளுடைய இதயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எரியும் எந்திரம் ஒன்றை வைத்துவிட்டார்கள், அதனால் பத்து வருஷமாக அவளால் யாரையும் தொட முடியவில்லை, தொட்டால் எதிராளி பொசுங்கிவிடுவார். அன்றைக்குத்தான் டாமன் என்ற கொல்லன் அந்தச் சூட்டைத் தணித்துக் கொடுத்திருந்தான். பத்து வருஷம் கழித்து அவள் ஒருத்தியின் கையைப் பிடிக்கிறாள். அது என் கேரக்டரின் கை.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, இது நீ தேர்ந்தெடுத்ததா, இல்ல கேமே அப்படியா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நானும் இரண்டு வரியில் ஏதோ சொன்னேன், அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. யோசித்துப் பார்த்தால் கேமுக்குள் தன்பால் காதல் என்ற இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதனால் இந்த மாதிரிக் கேமைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன்.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி. இதில் ஒரு ஆளை நீங்களே உருவாக்குவீர்கள், முகம், உடம்பு, குரல், குலம், தொழில் எல்லாம் உங்கள் இஷ்டம். அந்த ஆளாகக் கதைக்குள் போய், யாரிடம் என்ன பேசுவது, யார் பக்கம் நிற்பது, யாரை விட்டுவிடுவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்வீர்கள். சண்டையும் உண்டு, ஆனால் பாதி நேரம் பேச்சுதான். தனியாகவும் போக மாட்டீர்கள், நாலைந்து பேர் கூட வருவார்கள். அவர்களைத்தான் கம்பானியன் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கதை, ஒரு கோபம், உங்களிடம் சொல்லாமல் மறைக்கும் ஒரு விஷயம் இருக்கும். பால்டர்ஸ் கேட் 3-ஐ முதல் தடவை முடிக்க எனக்கு 110 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் ஒருவரோடு நடந்தால் பிடிக்கும், பிடிக்காமலும் போகும், சிலரோடு அதற்கு மேலும் போகும். கேம் எழுதுபவர்கள் அந்த 'மேலே போவதை' ஒரு கதையாகவே எழுதி வைத்திருப்பார்கள். அதுதான் கம்பானியன் ரொமான்ஸ்.

சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் பாலைச் சேர்ந்தவர் மேல் வரும் ஈர்ப்பு தன்பாலீர்ப்பு. இரு பாலார் மேலும் வருவது இருபாலீர்ப்பு. இந்தச் சொற்களெல்லாம் தமிழில் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன, 2022-இல் தமிழ்நாடு அரசே இதற்கான சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ஆகவே இதைப் பேச வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை, வேறு மொழிக்கும் ஓட வேண்டியதில்லை.

இனி இது உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு கம்பானியனுக்கும் ஒரு எண் இருக்கிறது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண். 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் அது மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை போகும், அந்த அளவுகோலைத் திரையிலேயே பார்க்கலாம். வழியில் ஒரு பிச்சைக்காரருக்குக் காசு கொடுத்தால் ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவர் முகம் சுளிப்பார், எண் ஏறும், இறங்கும். இரண்டாவதாகச் சில குறிகள்: நெருப்பருகே உட்கார்ந்து அவர் ஊரைப் பற்றிக் கேட்டீர்களா, அவர் சொன்ன வேலையை முடித்துக் கொடுத்தீர்களா, ஆம், இல்லை, ஆம். எண்ணும் குறிகளும் சேர்ந்து வந்தால் ஒரு புதிய பேச்சு திறக்கும். டிராகன் ஏஜ் இரண்டாம் பாகத்திலிருந்து அப்படித் திறக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி இதயமே போட்டுக் காட்டுவார்கள்.

இவ்வளவையும் தாண்டி மூன்றாவதாக ஒரு சோதனை இருக்கலாம். ஆடுபவரின் கேரக்டர் ஆணா, பெண்ணா? நிரலில் பார்த்தால் சின்ன விஷயம், ஒரு வரி. அந்த வரி இருந்தால் பாதிப் பேருக்குக் கதவு மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் எல்லாருக்கும் திறந்திருக்கும். பையன் கேட்ட கேள்வி இந்த ஒரு வரியைப் பற்றியதுதான். அதை எங்கே வைப்பது, வைத்தால் அதற்குப் பொருத்தமாகக் கதையை எப்படி எழுதுவது என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கேம் செய்பவர்கள் முட்டி மோதியிருக்கிறார்கள்.

1998-இல் வந்த ஃபால்அவுட் 2-இல் மோடாக் என்று ஒரு கிராமம் வரும். அங்கே கிரிஷம் என்ற கறிக்கடைக்காரருக்கு மிரியா என்ற மகள், டேவின் என்ற மகன். இருவரில் யாரோடு நீங்கள் படுக்கையைப் பகிர்ந்தாலும் அப்பா துப்பாக்கியோடு வந்து நிற்பார், ஒழுங்காகக் கல்யாணம் பண்ணிக்கொள் என்பார். உங்கள் கேரக்டர் ஆணாக இருந்து டேவினோடு போயிருந்தாலும் அதே துப்பாக்கி, அதே கல்யாணம். தன்பாலினத் திருமணம் அனேகமாக எந்த நாட்டிலும் சட்டமாகாத வருஷம் அது. ஆனால் காதல் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, கட்டிக்கொண்டவர் பின்னாலேயே வருவார், சண்டையில் பெரிதாக உதவ மாட்டார்.

காதலைக் கதையாக எழுதியதில் முன்னால் நின்றது கனடாவின் பயோவேர் நிறுவனம். அவர்களுடைய பால்டர்ஸ் கேட் 2, 2000-இல் வந்தது. ஆணுக்கு மூன்று பெண்கள், பெண்ணுக்கு ஒரே ஒரு ஆண், அதோடு முடிந்தது. 2003-இல் ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் கேமில் ஜுஹானி என்ற பெண் ஜெடாய் (ஸ்டார் வார்ஸ் உலகத்து வாள்வீரர்) வந்தாள், பெண் கேரக்டர் மேல் அவளுக்கு ஈர்ப்பு உண்டு, ஆனால் ஜாடைமாடையாகத்தான், கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவீர்கள். 2005-இன் ஜேட் எம்பயரில்தான் முதன்முறையாக வெளிப்படையாக எழுதினார்கள், ஸ்கை என்ற ஆணையும் சில்க் ஃபாக்ஸ் என்ற பெண்ணையும் எந்தப் பாலாக ஆடினாலும் காதலிக்கலாம்.

அப்புறம் 2007-இல் மாஸ் எஃபெக்ட். நாயகன் அல்லது நாயகி ஷெப்பர்டு, கூட வரும் லியாரா என்ற வேற்றுக்கிரகவாசி, பார்க்கப் பெண் போலிருப்பாள். அவள் இனத்தில் பாலே ஒன்றுதான் என்று கதையில் ஒரு விளக்கம் வைத்து, பெண் ஷெப்பர்டும் அவளைக் காதலிக்கலாம் என்று விட்டார்கள். அதற்கே சிங்கப்பூரில் அந்த நவம்பரில் கேமைத் தடை செய்தார்கள், கிட்டத்தட்ட மறுநாளே தடையை எடுத்துவிட்டு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் குறித்து அனுமதித்தார்கள். அமெரிக்காவில் 2008 ஜனவரியில் ஃபாக்ஸ் நியூஸ் இந்தக் கேமின் காதல் காட்சியை ஏதோ ஆபாசப் படம் மாதிரி விவாதித்தது. அந்தச் சூடு அடுத்த பாகத்தில் தெரிந்தது. 2010-இன் மாஸ் எஃபெக்ட் 2-இல் ஆறு முக்கியக் காதல்கள், ஆறும் ஆண்-பெண் காதல்கள்தான். அதில் ஜாக் என்ற பெண்ணை முதலில் எந்தப் பாலையும் விரும்பக்கூடியவளாகத்தான் எழுதியதாகவும், ஃபாக்ஸ் நியூஸ் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு வந்த தயக்கத்தில் அது மாற்றப்பட்டதாகவும் அவளை எழுதிய பிரையன் கின்ட்ரேகன் 2021-இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஜாக் பேசும் சில வரிகளைக் கேட்டால் உங்களுக்கே தெரியும், எங்கோ திறந்திருந்த கதவு ஒன்றைச் சாத்தியிருக்கிறார்கள் என்று.

2012-இல் மாஸ் எஃபெக்ட் 3 வந்தபோதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். ஸ்டீவ் கோர்டெஸ் என்று ஒரு விமானி, கப்பலின் அடித்தளத்தில் வண்டிகளுக்குப் பக்கத்தில் வேலையாக இருப்பார். ஒருநாள் கீழே போனால் ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ராபர்ட் என்ற ஆண் குரல். ராபர்ட் அவர் கணவர். அவர்கள் இருந்த குடியேற்றத்தைக் கலெக்டர்கள் என்ற எதிரிகள் தாக்கியபோது ராபர்ட் கடைசியாக அழைத்துப் பேசிய பதிவு அது, என் நினைவிலேயே உட்கார்ந்துவிடாதே, சத்தியம் பண்ணு என்று கெஞ்சுகிறார். ஷெப்பர்டு வந்ததும் கோர்டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'என் கணவர்' என்கிறார். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, வேற்றுக்கிரகக் காரணம் இல்லை, சுற்றியிருப்பவர்கள் யாரும் புருவம் உயர்த்தவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஒரு வரிச் சோதனையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. கோர்டெஸைக் காதலிக்க ஆண் ஷெப்பர்டால்தான் முடியும். ஆனால் அவர் துக்கத்தைக் கேட்க, நினைவுச் சுவருக்குப் போய்விட்டு வா என்று அவருக்குச் சொல்ல, எந்த ஷெப்பர்டாலும் முடியும். அந்தப் பேச்சுகளுக்கு நேரம் ஒதுக்காமல் விட்டால் கடைசிப் போரில் அவர் விண்கலம் விழுந்து அவர் செத்துப் போவார். நேரம் ஒதுக்கியிருந்தால் பிழைத்துக்கொள்வார். நான் பெண் ஷெப்பர்டாகத்தான் ஆடினேன், அவர் பிழைத்தார். பையன் கேள்விக்கு இங்கே பதில் 'கேமே அப்படி'. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோர்டெஸ் ஓர் ஆணை நேசித்து இழந்த மனிதர்.

இதற்கு நேர் எதிரான வழி 2011-இன் டிராகன் ஏஜ் 2. அதில் ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், இசபெல்லா, மெரில் என்று நான்கு முக்கியக் காதல்கள், நான்கும் எல்லாருக்கும் திறந்திருக்கும். சோதனை வரியையே எடுத்துவிட்டார்கள். ஆண்டர்ஸ் தானாகவே வந்து ஆண் நாயகனிடம் ஆசையைச் சொல்வார், மறுத்தால் வருத்தப்படுவார். இதில் எரிச்சலான ஓர் ஆட்டக்காரர், பெரும்பான்மையான எதிர்பாலீர்ப்பு ஆண்களை மறந்துவிட்டீர்கள் என்று நீளமாகப் புகார் எழுத, கேமின் தலைமை எழுத்தாளர் டேவிட் கேய்டர், அவரே ஒரு தன்பாலீர்ப்பாளர், பதில் எழுதினார். இந்தக் காதல்கள் ஒரு கூட்டத்துக்கு என்று எழுதியவை அல்ல, எல்லாருக்குமானவை என்பதுதான் சாரம். அந்தப் பதில் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, கல்லூரி விடுதியில் ஒரே லேப்டாப்பை மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து படித்தோம்.

ஆடுபவர் யாராக இருந்தாலும் அவருக்கேற்ப ஈர்ப்பு மாறிக்கொள்ளும் இப்படிப்பட்ட கேரக்டர்களை 'பிளேயர்செக்ஷுவல்' என்பார்கள். இதற்கும் இருபாலீர்ப்புக்கும் என்ன வித்தியாசம் என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் குழம்புவார்கள். ஆண்டர்ஸையே எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு கார்ல் என்று ஒரு பழைய நண்பர், கதையின் ஆரம்பத்திலேயே கொடுமையான முறையில் இறந்துபோவார். நீங்கள் ஆணாக ஆடினால், கார்லும் நானும் காதலர்கள் என்று ஆண்டர்ஸ் சொல்வார். பெண்ணாக ஆடினால் சொல்லவே மாட்டார், கார்ல் வெறும் நண்பராகவே நின்றுவிடுவார். அதே மனிதர், அதே மரணம், உங்கள் கேரக்டரின் பாலைப் பார்த்து அவருடைய கடந்த காலமே மாறிவிடுகிறது. இசபெல்லா அப்படி இல்லை. அவள் ஆண்களோடும் பெண்களோடும் இருந்த கதையை யார் கேட்டாலும் ஒரே மாதிரி சொல்வாள், நீங்கள் அவளைக் காதலிக்காவிட்டாலும் சொல்வாள். அவள் இருபாலீர்ப்பு உள்ளவள். ஆண்டர்ஸோ, திறந்து வைத்த ஒரு கதவு, அவ்வளவுதான்.

இதில் எனக்குச் சொந்த வலி ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். நானும் இருபாலீர்ப்பு உள்ளவள். எங்களுக்கு வாழ்க்கையில் நடப்பது ஆண்டர்ஸுக்கு நடப்பதுதான். இன்றைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அதை வைத்து நாங்கள் யார் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள், அதற்கு முன்னால் இருந்தவர் 'சும்மா ஃபிரண்டு' ஆகிவிடுவார். பெண்ணாக ஆடி முடித்துவிட்டு, இரண்டாம் முறை ஆணாக ஆடியபோது கார்ல் பற்றிய அந்த வரியைக் கேட்டு நான் கேமை நிறுத்திவிட்டேன். முதல் ஆட்டத்தில் எட்டு மாதம் காதலித்த ஆள் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தோன்றியது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை, தெரியும். ஆனால் கதவைத் திறப்பது ஒன்று, உள்ளே ஒரு ஆளை உட்கார வைப்பது இன்னொன்று, இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

அந்த வேலையை அதே குழு மூன்று வருஷம் கழித்துச் செய்து காட்டியது. 2014 நவம்பரில் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் வந்தது, இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் அவரவர் ஈர்ப்பு. கசாண்ட்ரா ஆண்களை மட்டுமே விரும்புவாள். சேரா பெண்களை மட்டுமே. ஜோசஃபினும் அயர்ன் புல்லும் இருபாலாரையும். சோலஸ் என்பவர் எல்ஃப் குலத்துப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். டோரியன் பாவஸ் ஆண்களை மட்டும். டோரியனை எழுதியவர் அதே கேய்டர்.

டோரியன் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். பெரிய மந்திரவாதக் குடும்பத்தின் ஒரே வாரிசு, நல்ல பேச்சு, நல்ல உடை, மீசையைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து கடிதம் வருகிறது, ரெட்கிளிஃப் ஊரில் ஒரு விடுதிக்கு வரச் சொல்லி. குடும்பத்து வேலைக்காரன் யாரோ காத்திருப்பான் என்று நினைத்துப் போனால் விடுதி காலியாக இருக்கிறது, உள்ளே அப்பாவே நிற்கிறார். அங்கேதான் தெரிய வருகிறது, மகன் ஆண்களை விரும்புகிறான், ஏற்பாடு செய்த கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், ரத்த மந்திரத்தால் அவன் மனதையே மாற்றிவிட அந்த அப்பா ஏற்பாடு செய்திருக்கிறார். ரத்த மந்திரத்தைத் தொடவே கூடாது என்று மகனுக்குச் சொல்லி வளர்த்ததும் அவரே. டோரியன் கத்தும்போது கோபத்தைவிட ஏமாற்றம்தான் குரலில் கேட்கும். ஊரில் எத்தனை வீடுகளில் பையனை மாற்றிவிடலாம் என்று கோயிலுக்கும் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்த எவருக்கும் அந்த விடுதிக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. அப்பா பேசுவதைக் கேள் என்று டோரியனிடம் சொல்வதா, வா போகலாம் என்பதா என்று கேம் உங்களிடம் கேட்கும். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். எது சரி என்று இன்றைக்கும் ஒரே பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு சின்ன விஷயமும் அதில் இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். டோரியன், அயர்ன் புல் இருவரில் யாரையும் நீங்கள் காதலிக்காமல் விட்டு, இருவரையும் சேர்த்தே வெளியே கூட்டிக்கொண்டு போனால், நடக்க நடக்க அவர்கள் பேச்சு மாறும், ஒரு கட்டத்தில் அவர்களே ஜோடியாகிவிடுவார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

அந்தக் கேம் இந்தியாவில் கடைக்கு வரவில்லை. வெளியீட்டாளரான இஏ, உள்ளூர்ச் சட்டங்களை மீறாமல் இருப்பதற்காக இந்திய விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. எந்தச் சட்டம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருஷம் டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்திருந்தது, ஆட்டக்காரர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள். 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

அப்படியானால் எது நல்ல வழி, எல்லாருக்கும் திறப்பதா, ஒவ்வொருவருக்கும் ஈர்ப்பை வகுப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வகுத்தால் கேரக்டர் உண்மையான ஆளாக நிற்பார், ஆனால் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான், அவரைப் பிடிக்காவிட்டால் வேறு வழியில்லை. 2017-இல் மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா வந்தபோது ஆண் கேரக்டருக்குக் கூடவே சண்டைக்கு வரும் ஆண்களில் ஒருவரைக்கூடக் காதலிக்க முடியவில்லை. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டு, ஜூன் மாதம் வந்த 1.08 பேட்சில், அதாவது கேமுக்கான திருத்தத்தில், ஜால் என்பவருக்கு அந்தக் கதவைத் திறந்தார்கள். சைபர்பங்க் 2077-இல் சோதனை இன்னும் நுணுக்கம்: ஜூடி பெண்களை விரும்புபவள், அவளுக்கு உங்கள் கேரக்டரின் உடம்பு 'மற்றும்' குரல், இரண்டும் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். பனாம் என்ற பெண்ணுக்கு ஆண் உடம்பு இருந்தால் போதும், குரலைப் பார்ப்பதில்லை. உடம்பு ஒன்றாகவும் குரல் வேறாகவும் வைத்து ஆடும் திருநர் ஆட்டக்காரருக்கு இந்த ஒரு 'மற்றும்' எவ்வளவு உறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

திறந்துவிட்டுக் கெடுத்ததும் உண்டு. 2018-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் யாரை வேண்டுமானாலும் காதலிக்கலாம், எத்தனையோ பேர் அதன் நாயகி கசாண்ட்ராவை (இன்குவிசிஷனில் வரும் கசாண்ட்ரா வேறு) பெண்களை மட்டும் விரும்புபவளாகவே நூறு மணி நேரம் நடத்திக்கொண்டு போனார்கள். 2019 ஜனவரியில் வந்த கூடுதல் கதையில், நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் எதிர்பாலாரோடு சேர்ந்து ஒரு குழந்தை பெற்றாக வேண்டும். அந்த இடத்தில் கிடைக்கும் கோப்பைக்கு 'வளர்ந்துவிட்டாய்' என்று பொருள்படும் பெயர் வேறு. கேமைச் செய்த யூபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அந்தப் பெயரையும் மாற்றியது. எனக்கு அந்தப் பெயர்தான் மறக்கவில்லை. 'வயசானா சரியாயிடும்' என்று வீட்டில் சொல்வார்களே, அதே வாக்கியம்.

2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐச் செய்தது பெல்ஜியத்தின் லாரியன். அதில் காதலிக்க முடிந்த எல்லாரும் எல்லாருக்கும் திறந்தவர்கள், குலமும் பாலும் தடையில்லை. டிராகன் ஏஜ் 2 போட்ட பாதைதான், ஆனால் கூடவே கவனமும் இருக்கிறது. ஆஸ்டேரியனைப் பாருங்கள். இருநூறு வருஷம் ஒரு ரத்தக்காட்டேரிக்கு அடிமையாக இருந்து, ஆணோ பெண்ணோ, சிக்கியவர்களை மயக்கிக் கூட்டிக்கொண்டு வருவதே அவர் வேலை. உங்களையும் முதலில் அப்படித்தான் மயக்குவார். உறவு முற்றிய பிறகு ஒருநாள், உன்னிடம் பழகியது பாதுகாப்புக்காகப் போட்ட திட்டம், இப்போது அப்படி இல்லை என்று திணறித் திணறி ஒத்துக்கொள்வார். அந்த இடத்தில் கேம் முத்தம் கேட்கவில்லை, அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு தருகிறது, அவர் அதற்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அவருடைய கடந்த காலம் நீங்கள் யார் என்பதைப் பார்த்து மாறுவதில்லை. அந்தக் கேரக்டருக்குக் குரலும் உடல்மொழியும் கொடுத்த நீல் நியூபனுக்கு அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. அதே கேமில் டேம் ஐலின், இசபெல் என்று இரு பெண்கள் வருகிறார்கள், அவர்கள் காதலில் உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கலாம், அவ்வளவுதான். ஒரே கேமில் 'நீ தேர்ந்தெடுத்தது', 'கேமே அப்படி' இரண்டுமே இருக்கின்றன.

எல்லாருக்கும் திறப்பது எழுதுபவருக்கு எளிதா என்றால், ஆங்கிலத்தில் ஓரளவு எளிது, நேருக்கு நேர் பேசும்போது ஆண் பெண் வித்தியாசம் வாக்கியத்தில் வருவதில்லை. நம் மொழியும் அப்படித்தான் என்பது எனக்குச் சந்தோஷம். 'நான் உன்னைத் தேடி வந்தேன்' என்பதை யார் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், நானுக்கும் நீக்கும் தமிழில் பால் கிடையாது. இந்தியில் அதையே சொல்ல வேண்டுமானால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினையே காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் சிக்கல் மூன்றாம் ஆள் வரும்போதுதான்: 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்'. முகாமில் மற்றவர்கள் உங்கள் காதலைப் பற்றிப் புறணி பேசும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பதிவு செய்தாக வேண்டும், இல்லையென்றால் எல்லாரையும் 'அவர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுத் தப்பிக்கலாம். இப்படி ஒரு கேமை யாராவது முழுசாகத் தமிழில் கொண்டுவந்தால் அந்த முகாம் பேச்சை எழுத நான் தயார்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை, சண்டை பிடிக்காது, பண்ணையும் பாட்டும் போதும் என்றால் 2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலி. அதில் கல்யாணம் செய்துகொள்ள 12 பேர், யாரும் உங்கள் பாலைக் கேட்பதில்லை. கதை வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் இன்குவிசிஷன்.

பையனுக்கு நான் இன்குவிசிஷனைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஊருக்குப் போகும்போது என் பழைய லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனான். பெண் கேரக்டர் ஒன்றை உருவாக்கி, இரண்டு வாரம் விடாமல் டோரியனிடம் இதயம் போட்ட வரியாகப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறான். டோரியனும் சளைக்காமல் சிரித்துப் பேசியிருக்கிறார், ஆனால் ஒரு அடிகூட நகரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் பண்றேன், எண்ணும் ஏறுது, இந்த ஆளு ஏன் பிடி கொடுக்கவே மாட்டேங்கிறான்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணலடா. அவருக்கு வீட்டிலிருந்து லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு, இன்னும் போகல."

"ரெட்கிளிஃப்ல ஒரு விடுதி இருக்கும். அவரையும் கூட்டிக்கிட்டு அங்க போ. போயிட்டு வந்து பேசு."